எந்த அத்தியாயத்தை அனுப்புவது?

கேள்வி: எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க 25 பக்க எழுத்து மாதிரி (நாமே எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று) கேட்கிறார்கள். செங்கல்பட்டு ஏரிகளின் குடிமராமத்து (ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் வழக்கம்) பற்றிய 110 பக்க ஆய்வேடு, நல்ல மதிப்பெண் வாங்கிய செமினார் கட்டுரை, பேராசிரியரோடு சேர்ந்து எழுதி அச்சில் வந்த கட்டுரை மூன்றும் கையில் உள்ளன. எதை அனுப்பலாம்?

பதில்: அச்சில் வந்ததை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இருவர் எழுதியதில் உங்கள் பங்கு எது என்று படிப்பவருக்குத் தெரியாது. செமினார் கட்டுரை மற்றவர்கள் சொன்னதைத் தொகுப்பதோடு நின்றுவிட்டால் அதுவும் உதவாது. மூல ஆவணத்தைக் கையில் கொடுத்தால் இவர் அதிலிருந்து சொந்தமாக ஒரு வாதத்தை எடுப்பாரா என்றுதான் தேர்வுக்குழு பார்க்கும். எனவே, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியக் கோப்புகளை நீங்களே படித்து எழுதிய அத்தியாயம் இருந்தால் அதையே எடுங்கள். முன்னுரை வேண்டாம்; பெரும்பாலும் அது முந்தைய ஆய்வுகளின் பட்டியல்தான்.

25 பக்கம் என்பது இரட்டை வரி இடைவெளியில், 12 புள்ளி எழுத்தில், சுமார் 7,000 சொற்கள். அடிக்குறிப்புகள் கணக்கில் சேருமா என்பது துறைக்குத் துறை மாறும். ஒவ்வொன்றின் விதியையும் படித்துவிடுங்கள். பக்கம் மிஞ்சினால் எழுத்தைச் சிறிதாக்காமல் ஒரு பகுதியையே எடுத்துவிடுங்கள்.

வெட்டிய இடத்தில்தான் சறுக்கும். 'இரண்டாம் அத்தியாயத்தில் கண்டபடி' என்ற வரி அப்படியே நிற்கும். முதல் அடிக்குறிப்பே 'இபிட்' (ibid., அதாவது 'மேலே சொன்ன அதே நூல்') என்றிருக்கும், அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது. குடிமராமத்து என்றால் என்ன என்பதை முதல் அத்தியாயத்தில் விளக்கியிருப்பீர்கள். இங்கே அந்தச் சொல் விளக்கமின்றி வந்து விழும். ஆகவே முதல் இரண்டு பக்கங்களைப் புதிதாகவே எழுதுங்கள்: உங்கள் கேள்வி என்ன, எந்த ஆவணங்கள், என்ன முடிவு. அதற்கும் மேலே, இது எந்த ஆய்வேட்டின் எத்தனையாவது அத்தியாயம், முழு வாதம் என்ன என்று நான்கு வரிக் குறிப்பு வையுங்கள்.

தமிழ் ஆவணத்தை மேற்கோள் காட்டினால் உங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கட்டுரைக்குள்ளும் மூலத்தை அடிக்குறிப்பிலும் கொடுங்கள். உங்கள் மொழித்திறனை நேரில் காட்ட நல்ல இடம் இது.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். அக்டோபருக்குள் முடித்து, பரிந்துரைக் கடிதம் எழுதுவோருக்கும் அதே பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.