ஜோன்ஸ் தாத்தாவுக்கு எந்த ஊர்?

கேள்வி: என் பெண் கன்ஸாஸ்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள். பேத்தி பிறந்தபின் சம்பந்தி இங்கே வந்திருந்தார். என் மாமனார் நோட்டில் எழுதிவைத்திருந்த ஏழு தலைமுறைப் பெயர்களைக் காட்டினோம். மனிதர் முகம் வாடிவிட்டது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஜோன்ஸ் என்ற கொள்ளுத்தாத்தா 1871 வாக்கில் வேல்ஸிலிருந்து வந்து கன்ஸாஸில் நிலம் பிடித்தார் என்பது மட்டும்தான். வேல்ஸ் பதிவுகளில் தேடினால் மூலைக்கு மூலை ஜோன்ஸ் வருகிறதாம். பேத்திக்காக அந்தப் பக்கத்தையும் நோட்டில் ஏற்ற ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: இப்போதைக்கு வேல்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று சம்பந்தியிடம் சொல்லுங்கள். அங்கே ஆளைத் தேடிப் பயனில்லை. அவர் பிறந்த ஊரை, முடிந்தால் பண்ணையின் பெயரை முதலில் பிடிக்க வேண்டும். அது எழுதப்பட்டிருக்கும் காகிதம் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் இருக்கும்.

ஏன் இத்தனை ஜோன்ஸ்? வேல்ஸில் பழைய வழக்கம் நம்முடையதைப் போலத்தான். மகன் பெயரோடு அப்பா பெயர். ரீஸின் மகன் ‘அப் ரீஸ்’, அது இறுகிப் பிரைஸ் ஆனது. ஹவெலின் மகன் பவெல். ஜானின் மகன் ஜோன்ஸ். கிராமப்புறங்களில் இது மாறாத குடும்பப் பெயராக நிலைத்தது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆகவே ஜோன்ஸ் தாத்தாவின் அப்பாவோ தாத்தாவோ ஜான் ஈவன்ஸாக இருந்தால் திகைக்காதீர்கள். அமெரிக்காவில் நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயரே ‘லாஸ்ட் நேம்’ ஆகிவிடுவதைப் பார்த்த உங்களுக்கு இது சட்டென்று புரியும். சம்பந்திக்குத்தான் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.

‘நிலம் பிடித்தார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நூலின் நுனி. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் வரை அரசு நிலம் கேட்க முடிந்தது. நம் மும்பை சிவாஜி பார்க் மைதானத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, பயிர் வைத்து, இரண்டு சாட்சிகளோடு வந்து நிரூபித்தால் பட்டா. வெளிநாட்டுக்காரரானால் குடியுரிமை பெறும் எண்ணத்தையாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் அந்தக் காகிதத்தின் நகலும் அவருடைய நில விண்ணப்பக் கோப்புக்குள் போயிற்று.

பலர் பட்டாவைப் பார்த்ததும் திருப்தியாகி எழுந்துவிடுகிறார்கள். அது தப்பு. பட்டாவில் பெயரும் நில அளவை விவரமும் தேதியும்தான். வீடு எவ்வளவு பெரியது, எத்தனை ஏக்கர் உழுதார், என்ன விளைந்தது, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் கோப்பில். பட்டாக்களை அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அதிலிருக்கும் எண்ணையும் நில அலுவலகத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதினால் கோப்பின் நகல் கிடைக்கும், கட்டணம் உண்டு. சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் இருவரையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே சபைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிலம் பிடித்தார்கள். ஜோன்ஸுக்கு ஊர் தெரியாவிட்டால் சாட்சிக்குத் தெரியலாம்.

பட்டாவே அகப்படவில்லையா? கன்ஸாஸில் எல்லா நிலமும் ஹோம்ஸ்டெட் அல்ல. ரயில்வே கம்பெனிகள் நிறைய விற்றன. அப்படி வாங்கியிருந்தால் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பத்திரப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். எம்போரியா பக்கமும், 1869-ல் வேல்ஸ்காரர்கள் தொடங்கிய ஆர்வோனியாவிலும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். கப்பலைவிட்டு இறங்கி நேராகக் கன்ஸாஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் இல்லை. பென்ஸில்வேனியாவின் ஸ்க்ராண்டன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் சில வருஷம் உழைத்து, காசு சேர்த்துக்கொண்டு மேற்கே வந்தவர்கள் உண்டு. 1875, 1885-ல் கன்ஸாஸ் மாநிலமே எடுத்த கணக்கெடுப்பில் ‘எங்கிருந்து கன்ஸாஸ் வந்தீர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எனக்குப் பிடித்த கட்டம் அது! நடுவில் தங்கிய மாநிலம் அதில் தெரிந்துவிடும். 1900-ஆம் வருஷத்து மத்தியக் கணக்கெடுப்பு, நாட்டுக்குள் வந்த வருஷத்தைச் சொல்லும். 1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1921-ல் வாஷிங்டனில் பிடித்த தீயில் அது பெரும்பாலும் நாசமாகிவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கெடுப்புகள் எல்லாம் ‘வேல்ஸ்’ என்றதோடு நிறுத்திக்கொள்ளும். ஊர்ப் பெயர் வருவது சாவுச் செய்தியில்தான். 1851 முதல் வந்த ‘ய் டிரிக்’ போன்ற அமெரிக்க வெல்ஷ் பத்திரிகைகளில், இறந்தவர் எந்தப் பண்ணையில், எந்த ஊரில் பிறந்தவர் என்று உறவினர்கள் எழுதிப் போடுவார்கள். கல்லறைக்கல்லிலும் வெல்ஷ் மொழியில் இருக்கலாம். சம்பந்தி படிக்கத் தெரியாமல் தாண்டிப் போயிருப்பார். ஒரு முறை போய்ப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அவர் போன சேப்பலின் (சிறு சபை ஆலயம்) பழைய பதிவேட்டையும் கேட்கலாம்.

ஊர் கிடைத்துவிட்டால் மீதி சுலபம். இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. 1851, 1861 கணக்கெடுப்புகளில் பையனாக அப்பா, அம்மா, அண்ணன் தம்பிகளோடு இருப்பார். அந்தக் கூட்டத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் இது நம் ஜோன்ஸ் என்று உறுதியாகும். 1858-க்கு முந்தைய உயில்களை அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆங்கிலிக்கன் சர்ச் ஞானஸ்நானப் பதிவில் இல்லையென்றால் சோர்ந்துபோக வேண்டாம். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைக்காரராக இருந்திருப்பார்.

கேள்வி: நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் இறங்கியவர்களின் பெயரை அமெரிக்க அதிகாரிகள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்களாமே?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் பயணிகள் பட்டியல் எழுதியே தலை நரைத்தவன் நான். பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாராகிவிடும். இறங்குமிடத்தில் அதை வைத்துச் சரிபார்ப்பதுதான் வேலை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பிற்பாடு தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். மேலே சொன்ன ஜோன்ஸுக்கோ இந்தக் கதை பொருந்தவே பொருந்தாது. எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1-ல். அவர் நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அதற்கு முன்பிருந்த குடியேற்ற நிலையமான காஸில் கார்டன் வழியாகத்தான் வந்திருப்பார். அந்தக் காலப் பட்டியலில் பெயர், வயது, தொழில், நாடு என்று சில விவரம்தான். சொந்த ஊர் இராது. அதனால்தான் மாட்டுங்கா அம்மாவைக் கப்பல் பக்கம் அனுப்பவில்லை.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் ஆகாதா?
– ஒரு கல்லூரி மாணவி, முலுண்ட்

பதில்: காகிதத்துக்குத் துணையாக வரும், பதிலாக வராது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வருவதைப் பார்க்கும் ஆண்வழிச் சோதனையில் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் ஒன்றாக வருவார்கள் என்று மற்ற ஊர்களில் எதிர்பார்க்கலாம். வேல்ஸில் பெயர் தாமதமாக நிலைத்ததால் இரண்டு ஜோன்ஸுக்குள் ரத்த சம்பந்தமே இல்லாமல் போகலாம். ஜோன்ஸுக்கும் ஈவன்ஸுக்கும் இருக்கலாம். ஆண், பெண் இருவரும் எடுக்கக்கூடிய பொதுச் சோதனை எடுப்பதானால் சம்பந்தி எடுக்கட்டும். அவருடைய அத்தை யாராவது இருந்தால் இன்னும் நல்லது. பேத்தி வேண்டாம், ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தத் தாத்தாவின் பங்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.