ஜப்பானில் இத்தனை பாட்டுகள் ஏன் 'சகுரா' என்றே தொடங்குகின்றன?

ஜப்பானியக் கரோக்கே பட்டியலில் 'ச' பகுதிக்குப் போனால் 'சகுரா' திரும்பத் திரும்ப வரும். சகுரா என்றால் செர்ரிப் பூ. அங்கே தலைப்புகளை அடுக்குவது கோஜூஓன் என்ற ஒலிவரிசைப்படி (நம் அகரவரிசைக்குச் சொந்தம்தான், புத்த பிக்குகள் படித்த சமஸ்கிருத எழுத்து வழியாகப் போனது), அதனால் பாடகர் நவோதாரோ மொரியாமா ஹிரகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதிய 'சகுரா' (2003), கொபுகுரோ என்ற இரட்டையர் கான்ஜி என்ற சீன வழி எழுத்தில் எழுதியது (2005), இகிமோனோ ககாரி இசைக்குழு ரோமன் எழுத்தில் எழுதியது (2006) மூன்றும் ஒரே இடத்தில் நிற்கும்.

சரி, ஏன் இந்தப் பூ? மார்ச்சில் பள்ளி முடிந்து பிரிவார்கள், ஏப்ரலில் புது வகுப்பு, புது வேலை. அதை ஒட்டியே பூத்து, ஒன்றிரண்டு வாரத்தில் கொட்டிவிடும். நமக்கு நிலா எப்படியோ அப்படி.

தலைப்பு ஒன்று என்பதால் ஒரே பாட்டைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், இந்த மூன்றிலும் மெட்டும் வரிகளும் முழுக்க வேறு.