இன்னும் இறங்கு!

கேள்வி (திருவாரூர் வாசகர் ஒருவர்): சுதா சந்திரன் எவ்வளவு பெரிய நாட்டியக் கலைஞர்! அவர் போய் சீரியல் வில்லியாக இறங்கிவிட்டாரே, உங்களுக்கு வருத்தமாக இல்லையா?

பதில்: 'இறங்கிவிட்டாரே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசில்லை.

ஏதாவது ஒரு பரதநாட்டிய வகுப்பு வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். தாளம் போடும் தட்டுக்கழிச் சத்தத்தையும் மீறி டீச்சர் குரல் கேட்கும்: "இறங்கு! இன்னும் இறங்கு!" எல்லாம் அரைமண்டிக்காகத்தான், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்கார்ந்த நிலைக்காக. என் அண்ணன் மகள் நாலு வருஷம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது. மீதிப் பாடமெல்லாம் இங்கிலீஷில்.

சுதா மும்பைப் பெண். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் அடிபட்டு, காயம் அழுகி, வலது காலை எடுக்கவேண்டியதாயிற்று. சீமையில் செய்த செயற்கைக் கால், ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கானது. சம்மணம் போட வராது, குந்த வராது. அரைமண்டியை மறந்துவிட வேண்டியதுதான். நம் நாட்டிலேயே உருவான செயற்கைக் காலான ஜெய்ப்பூர் காலின் ரப்பர் பாதம் வளையும், வெறுங்காலோடும் நடக்கலாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பி.கே. சேத்திக்கு மகசேசே விருது கிடைத்ததைப் பத்திரிகையில் படித்துத்தான் சுதா அவரிடம் போனார். (பத்திரிகை படித்து என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்கும் என் மருமகன் கவனிக்க.)

அந்தக் காலைச் சேத்தியோடு சேர்ந்து உருவாக்கியவர் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர். விருது டாக்டருக்கு. நம் ஊர்க் கோயிலிலும் டியூப்லைட் உபயதாரர் பெயர் இருக்கும், ஸ்தபதி பெயர் இருக்காது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

1984-ல் சுதா மறுபடி மேடை ஏறினார். மறு வருஷம் சிங்கீதம் சீனிவாசராவின் 'மயூரி'யில் தன் கதையில் தானே நடித்து, தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும் வாங்கினார்.

சரி, சீரியல். 2001-ல் தொடங்கிய இந்தித் தொடரில் ரமோலா சிகந்த்தாக வந்தபோது அவர் நெற்றிப் பொட்டுக்கே தனி ரசிகர் கூட்டம். நம்மவர்களுக்கு 'தெய்வம் தந்த வீடு' சித்ராதேவி. கேமரா மூன்று தடவை முகத்தின் மேல் பாய்கிறது, பின்னால் இடி இடிக்கிறது, வசனம் கிடையாது. அத்தனை நேரமும் முகத்தில் ஏதாவது நடந்தாக வேண்டுமே! அபிநயம் தெரியாத வில்லிகள் அந்த இடத்தில் கரண்ட் போன மிக்சி மாதிரி நிற்கிறார்கள். ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, மற்றதை அசையாமல் வைத்துக்கொள்ள நானும் கண்ணாடி முன்னால் முயன்றேன். "பல்வலியா?" என்று கேட்டுக்கொண்டே கிராம்போடு வந்தார்கள் வீட்டில்.

சீரியல்காரர்களுக்கு டிசம்பரில் மேடை கொடுப்பதில்லை என்று சபா காரியதரிசி ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். சாயங்காலம் உங்கள் வீட்டு டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு பாஸ் வருவதில்லை.

வருத்தம் உண்டா என்றுதானே கேட்டீர்கள்? உண்டு. விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021-ல் அவர் பிரதமருக்கே வீடியோவில் முறையிட வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது.