மைனஸ் 15லயும் ஹூடி மட்டும் போட்டுக்கிட்டுப் போற பையன்

தங்கச்சி, நீ கேட்டிருக்கிறது இதுதான். மகனுக்கு 14 வயசு. ஆகஸ்ட்ல ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல இருந்து கனடாவுல பிராம்ப்டனுக்கு வந்து, ஒன்பதாவது கிரேடுல சேர்ந்திருக்கான். மைனஸ் 15லயும் வெறும் ஹூடியோட பள்ளிக்கூடம் போறான். நீ வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டை வாசல் வரைக்கும் மாட்டிட்டு, தெருமுனை திரும்பினதும் கழட்டிப் பையில திணிச்சிடுறான். இதனால உடம்புக்கு ஏதாவது ஆயிடுமா, பள்ளிக்கூடத்துல உன்னைக் குத்தம் சொல்வாங்களா, அவனை எப்படிப் போட வைக்கிறது? மூணுக்கும் சொல்றேன். நானும் கனடாவுல ஸ்கார்பரோவுல குடியிருக்கிறவதான், பொங்கலுக்கு மண்டபம் ஊருக்கு வந்தவ இன்னும் இங்கதான் இருக்கேன். நேத்து உங்க அம்மாவும் வந்து இதையேதான் கேட்டாங்க. வீடியோ கால்ல பேரன் பனியில ஹூடியோட நிக்கிறதைப் பார்த்ததுல இருந்து அவங்களுக்குச் சோறு இறங்கல.

முதல்ல பயத்தைத் தீர்த்துக்குவோம். மைனஸ் 15ல பத்து நிமிஷம் நடந்து போற ஆரோக்கியமான பையனுக்குக் குளிரும், காது எரியும், அவ்வளவுதான். சளியும் காய்ச்சலும் வைரஸால வர்றது. ஜாக்கெட் போடாத ஒரே காரணத்தால வந்துடாது. "நெஞ்சுல சளி கட்டிக்கும்"னு உங்க அம்மா சொல்றதை மறுத்துப் பேசாதே, ஆனா அதை மகன்கிட்டயும் சொல்லாதே. ரெண்டு நாள் ஜாக்கெட் இல்லாம போய்ட்டு நல்லா இருக்கான்னா, அதுக்கப்புறம் நீ சொல்ற எதையும் அவன் நம்ப மாட்டான். உண்மையான ஆபத்து எதுன்னு தெரிஞ்சு அதை மட்டும் சொன்னா கேட்பான்.

உண்மையான ஆபத்து காத்து. பழைய பாம்பன் பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலையே நிறுத்திடுவாங்கன்னு பார்த்து வளர்ந்தவங்க நாம. காத்தோட பலம் நமக்குத் தெரியும். ஆனா மார்கழி வாடையிலகூட பாம்பன்ல 20 டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம். துண்டைக் காதோட சேர்த்துக் கட்டிக்கிட்டா கடலுக்கே போயிடலாம். கனடாவுல காத்து உடம்புச் சூட்டைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடும். தெர்மாமீட்டர்ல மைனஸ் 15, மணிக்கு 30 கிலோமீட்டர் காத்துன்னா, திறந்த தோலுக்கு அது மைனஸ் 26 மாதிரி. மைனஸ் 20ல அதே காத்து அடிச்சா மைனஸ் 33. இதைத்தான் அங்க விண்ட் சில்னு சொல்வாங்க. போன்ல வானிலை பார்க்கும்போது பெரிய எழுத்துல இருக்கிற நம்பரை விட்டுட்டு, ஃபீல்ஸ் லைக்னு சின்னதா போட்டிருக்கிறதைப் பாரு. கனடா அரசாங்கம் கொடுக்கிற கணக்குப்படி, விண்ட் சில் மைனஸ் 28ல இருந்து 39 வரைக்கும் இருந்தா, மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சுடலாம். மைனஸ் 40 தாண்டினா 5ல இருந்து 10 நிமிஷம் போதும். பஸ் தாமதமாகிற ஒரு காலை நேரத்துக்கு அது ரொம்பக் கம்மி.

தோல் உறையும்போது முதல்ல குத்தும், எரியும். அப்புறம் வலியே இருக்காது. வலி நின்னு போனதுதான் மோசமான அறிகுறி. காது மடல், மூக்கு நுனி, கன்னம், விரல் நுனி, இங்கதான் முதல்ல பிடிக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குத் தோல் வெளுக்கிறது உடனே தெரியும். நம்ம நிறத்துல சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. தொட்டுத்தான் பார்க்கணும், மெழுகு மாதிரி விறைப்பா இருக்கும். அப்படி வந்தா தேய்க்காதே. தைலத்தை எடுத்துச் சூடு பறக்கத் தேய்க்கிறது நம்ம கைப்பழக்கம், அங்க அது தோலைப் புண்ணாக்கிடும். அடுப்புலயோ ஹீட்டர்லயோ காட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுறது தெரியாது. விரலை அக்குள்ல வச்சுக்கச் சொல்லு, இல்ல வெதுவெதுப்பான தண்ணியில விடு. உணர்ச்சி திரும்பலைன்னாலோ கொப்புளம் வந்தாலோ தள்ளிப் போடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. சந்தேகமா இருந்தா 811க்குப் போன் பண்ணு, நீ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல எந்த நேரமும் நர்ஸ் பேசுவாங்க, காசு கிடையாது. மகனுக்கு இழுப்பு, அதான் ஆஸ்துமா, இருக்குன்னா மட்டும் கணக்கு வேற: குளிர்ந்த வறண்ட காத்தே இழுப்பைக் கிளப்பும், அதனால மூக்கையும் வாயையும் மூடித்தான் வெளிய போகணும், இன்ஹேலரும் கையோட இருக்கணும்.

இப்போ அவன் ஏன் போட மாட்டேங்கிறான்னு பார்ப்போம். எனக்கு இதுதான் முக்கியமா படுது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குப் போய், கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நில்லு. அவனைத் தேடாதே, மத்த பிள்ளைங்களைப் பாரு. எங்க பையன் ஒன்பதாவது சேர்ந்தப்போ நான் போய் நின்னேன். பாதிப் பேர் ஜாக்கெட் ஜிப்பைப் போடவே இல்ல. ஹூடியோட நிறையப் பேர். முழங்கால் தெரிய ஷார்ட்ஸ்ல ரெண்டு பேர். ஜாக்கெட் போட்டவன் எல்லாம் இடுப்போட நிக்கிற கறுப்பு ஜாக்கெட், ஹூடியோட தொப்பியை வெளிய எடுத்து விட்டிருந்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல முழங்கால் வரைக்கும் தொங்குற நீல ஜாக்கெட், கழுத்து வரைக்கும் ஏத்தின ஜிப், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாத்தோடயும் ஒரு பிள்ளை தனியா வந்துச்சு. போன மாசம்தான் வந்து இறங்கின குடும்பம்னு தூரத்துல இருந்தே சொல்லிடலாம். எனக்குத் தெரியுதுன்னா, கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?

உன் மகன் ஓடுறது அந்தப் பார்வையில இருந்து. தங்கச்சிமடத்துல அவன் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெருவுக்கே தெரியும். கபடிக்கு ஆள் எடுத்தா முதல்ல கூப்பிடுவாங்க. அங்க போய் வாயைத் திறந்தா உச்சரிப்பைப் பார்க்கிறாங்க, டப்பாவைத் திறந்தா மீன் குழம்பு வாசத்தைப் பார்க்கிறாங்க, பாதிப் பாடம் புரியல, பேர் சொன்னா ரெண்டு தடவை திருப்பிக் கேட்கிறாங்க. இதுல எதையும் அவனால உடனே மாத்த முடியாது. மேல போட்டுக்கிறதை மாத்த முடியும். அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கான். நம்ம ஊர்ல மட்டும் என்ன? புதுசா படகுல போற பையன்கிட்ட லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தா, மத்தவங்க யாரும் போடலைன்னா அவனும் அதைச் சுருட்டி மூலையில வைப்பான். கடலைப் பத்தித் தெரியாமலா வைக்கிறான்?

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது, பெத்தவங்க யாரும் யோசிக்கிறதில்ல. பள்ளிக்கூடத்துக்குள்ள ஹீட்டர் ஓடும். தடிச்ச ஜாக்கெட்டோட உள்ள நுழைஞ்சா அஞ்சு நிமிஷத்துல வேர்க்கும். லாக்கர் ஒரு மூலையில, வகுப்பு இன்னொரு மூலையில, நடுவுல கொஞ்ச நேரம். லாக்கரும் ஒடுங்கினது; பை, பூட்ஸ், புத்தகம் வச்சா அந்தத் தலையணை மாதிரி ஜாக்கெட் உள்ள போகாது. நாள் முழுக்கக் கையில தூக்கிக்கிட்டுத் திரியணும். லாக்கர் இருக்கா, எங்க இருக்குன்னு அவன்கிட்ட கேளு. நீ கேட்டாலே பாதிக் கோபம் இறங்கிடும்.

அதனால செய்ய வேண்டியது, அந்த நீள ஜாக்கெட்டை ஓரம் கட்டு. அது வீணாகாது, உனக்கே ஆகும். மகனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய், காசு இவ்வளவுதான்னு முன்கூட்டியே சொல்லிட்டு, அவனே எடுக்கட்டும்னு விடு. நீ ரெண்டு விஷயம் மட்டும் பாரு: வெளித்துணி காத்தைத் தடுக்கணும், உள்ள ஹூடி போட்டுக்க இடம் இருக்கணும். கறுப்பா, குட்டையா, உனக்குப் பிடிக்காத மாதிரி எடுப்பான், எடுக்கட்டும். டிசம்பர் 26க்கு அப்புறம் குளிர் உடுப்பு விலை இறங்க ஆரம்பிக்கும், ஜனவரி கடைசியில இன்னும் நல்லா இறங்கும். பழைய துணி விற்கிற சால்வேஷன் ஆர்மி கடைகள்ல ஒரே ஒரு சீசன் போட்ட நல்ல ஜாக்கெட் கிடைக்கும். அங்க வாங்குறதை அந்த ஊர்ல யாரும் கேவலமா நினைக்கிறதில்ல. ஆனா கையில கொஞ்சம் காசு இருந்தா, முதல் ஜாக்கெட்டை மட்டும் அவன் கேட்கிற மாதிரியே வாங்கிக் கொடு. ஆயிரம் டாலர் பிராண்டைச் சொல்லல. கூட்டத்துல கலந்து நிக்கிற ஒண்ணு போதும்.

ஜாக்கெட்டைவிட உள்ள போடுறதுல அதிகம் சாதிக்கலாம், அது வெளிய தெரியாதுங்கிறதால சண்டையும் வராது. மெல்லிசான தெர்மல் பனியன், தெர்மல் பேன்ட், அதுக்கு மேல அவன் ஹூடி. பருத்தி வேண்டாம். ஊர்ல பருத்திதான் நமக்கு உயிர். அங்க பருத்தி வேர்வையையும் பனித்தண்ணியையும் குடிச்சுட்டு ஈரமா ஒட்டிக்கிட்டுக் குளிரை ஏத்தும். பாலியஸ்டர், ஃபிளீஸ்ங்கிற மெத்து மெத்துன்னு இருக்கிற செயற்கைத் துணி, கம்பளி, இதுல எது கலந்திருந்தாலும் சரி. அவன் ஹூடி பருத்தியா இருந்தா, உள்பக்கம் ஃபிளீஸ் வச்ச ஹூடி ஒண்ணு வாங்கு, வித்தியாசம் யாருக்கும் தெரியாது. சாக்ஸும் அப்படித்தான். ஈரமான கால்தான் அங்க பிள்ளைங்களை அதிகம் வாட்டுறது. சிமென்ட் மாதிரி உறைஞ்ச தரையில கேன்வாஸ் ஷூவோட நிக்கிறவன் காலைத் தொட்டுப் பாரு, தெரியும். தலையை ராத்திரியே குளிச்சுக் காய வைக்கச் சொல்லு. காலையில குளிச்சுட்டு ஈரத் தலையோட போனா, பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள முடி குச்சி குச்சியா விறைச்சு, கை வச்சா நறநறங்கும். எங்க பையன் அதைத் தொட்டுப் பார்த்த அன்னிக்குத்தான் தொப்பி கேட்டான். தொப்பிக்கு நான் எவ்வளவு சொல்லியும் கேட்காதவன்!

பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரங்க, எனக்கு முன்னாடியே அங்க வந்தவங்க. அவங்க சொன்ன ஒரு வார்த்தை இன்னிக்கும் எனக்கு உதவுது: "பிள்ளையளோட தினம் தினம் வாதாடாதேயும், ஒருக்கா பேசி முடியும்." அப்படியே வீட்டுல ஒரு தடவை உட்கார்ந்து பேசி, நம்பர் வச்சு முடிவு பண்ணினோம். ஃபீல்ஸ் லைக் மைனஸ் 10 வரைக்கும் அவன் இஷ்டம், நான் வாயே திறக்க மாட்டேன். அதுக்குக் கீழ இறங்கினா ஜாக்கெட் கூட வரணும், போடுறதும் விடுறதும் அவன் பாடு. மைனஸ் 20க்குக் கீழ ஜாக்கெட், தொப்பி, கையுறை மூணும் போட்டுத்தான் வாசலைத் தாண்டணும், பேச்சு கிடையாது. மைனஸ் 28க்குக் கீழ போனா நடந்து போக விடறதில்ல, கார்ல விடுவோம், இல்ல யாரையாவது கேட்போம். உங்க வீட்டுக்கு எந்த நம்பர் சரின்னு நீங்களே பேசிக்கோங்க. மகனை வச்சுப் பேசு, அவன் சொல்ற நம்பர்ல ஒண்ணையாவது ஏத்துக்கோ. காலையில நம்பரைப் பார்த்துச் சொல்ற வேலையையும் அவன்கிட்டயே கொடு. நீ மைனஸ் 8ல விட்டுக் கொடுத்தாத்தான் மைனஸ் 25ல அவன் உனக்கு விட்டுக் கொடுப்பான்.

ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக் கொடுக்காதே. குளிர்ல போன் பேட்டரி திடீர்னு செத்துப் போகும், பாதி சார்ஜ் இருந்தாலும் அணைஞ்சுடும். பஸ்ஸைத் தவற விட்டு, போனும் அணைஞ்சு, ஹூடியோட நிக்கிற பிள்ளைதான் மாட்டிக்கிறது. போனை உடம்போட ஒட்டின உள்பையில வைக்கச் சொல்லு. போன் இல்லாம எங்க உள்ள போய் நிக்கலாம், நூலகமா, கடையா, எந்தத் தெரிஞ்சவங்க வீடான்னு வழியை ஒரு தடவை அவனோட நடந்து காட்டிக் கொடு. பனி கொட்டுற நாள்ல சில சமயம் பள்ளிக்கூட பஸ் மட்டும் ரத்தாகும், பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அதையும் காலையிலேயே பார்த்துடணும்.

பள்ளிக்கூடத்துல உன்னைக் குத்தம் சொல்வாங்களான்னு கேட்டே. வளர்ந்த பையன் ஹூடியோட வர்றது அங்க டீச்சருக்குத் தினமும் பார்க்கிற காட்சி. யாராவது போன் பண்ணினா, பெரும்பாலும் "வீட்டுல ஜாக்கெட் இருக்கா, வேணுமா?"ன்னு கேட்கத்தான் இருக்கும். பதறாம, "இருக்கு, போட மாட்டேங்கிறான்"னு உள்ளதைச் சொல்லு. இல்லைன்னாலும் கூச்சப்படாம இல்லைன்னு சொல்லு, ஏற்பாடு பண்ணிக் கொடுப்பாங்க. ஒன்டாரியோவுல நிறையப் பள்ளிக்கூடங்களுக்குப் புதுசா வந்த குடும்பங்களுக்கு உதவவே தனியா ஆள் வர்றாங்க. ஆபீஸ்ல செட்டில்மென்ட் வொர்க்கர்னு கேளு, தமிழ் பேசுறவங்க கிடைச்சாலும் கிடைப்பாங்க. மகனுக்குச் சிநேகிதம் பிடிச்சுக் கொடுக்கிற குழு ஏதாவது இருக்கான்னும் அவங்ககிட்டயே கேளு. ஜாக்கெட்டைவிட அது அவசரம்.

உங்க அம்மாகிட்ட நான் பேசிட்டேன். அவங்க பங்குக்கு இனிமே வீடியோ கால்ல ஜாக்கெட் பேச்சை எடுக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டாங்க, கபடி பேச்சு பேசுவாங்களாம். பிப்ரவரி ரெண்டாவது வாரம் நான் ஸ்கார்பரோ திரும்பிடுவேன். எங்க பையன் போட்டுச் சின்னதாகிப் போன கறுப்பு ஜாக்கெட் ஒண்ணு நல்லபடியா இருக்கு. உன் மகன் பார்த்துப் பிடிச்சிருந்தா மட்டும் எடுத்துக்கட்டும், பிடிக்கலைன்னா சனிக்கிழமை நாம மூணு பேரும் கடைக்குப் போவோம்.