குறைந்த சம்பளத் தொழிலாளர்களுக்காகச் சட்டமன்றத்தில் சட்டம் போட்டால் உண்மையில் ஏதாவது மாறுமா?

மாறும் என்பதுதான் என் பதில். எப்படி மாறியது என்பதை என் வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குக் கீழே, "கடைகளில் உட்காரும் உரிமை என்று சட்டம் வந்ததே, நிற்க முடியாதவர்களை இன்னும் வேலையை விட்டு அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ கடையில் நின்று வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவாக இருக்கலாம். இரவு வந்ததும் சுவரோரம் படுத்துக் காலைச் சுவரின் மேல் தூக்கிவைத்துக்கொள்கிறார் என்றால் நான் நினைப்பது சரி.

நான் 2010 முதல் 2019 வரை சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவள். காலை ஒன்பதரைக்குக் கவுண்டரில் நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் விடுதிக்குத் திரும்ப முடியும். இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆளே வராத மதிய வேளையிலும் உட்காரக் கூடாது. அலமாரியில் சாயக் கூடாது. முதுகு பட்டதைக் கேமராவில் பார்த்துவிட்டுச் சூப்பர்வைசர் மாடிக்கே வந்துவிடுவார். சில மாதங்களில் அதற்குச் சம்பளத்தில் பிடித்தமும் உண்டு.

அதனால் நிற்பதற்கு நாங்களே சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம். கவுண்டருக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் மாற்றுவோம். மேலிருந்து பார்த்தால் சிரித்த முகத்துடன் நேராக நிற்பதுபோல்தான் தெரியும். ரவிக்கைத் துணி ஒன்றைக் கை தவறியதுபோல் கீழே போட்டு, அதை எடுக்கும் சாக்கில் அரை நிமிடம் குந்தியிருந்து எழுந்திருப்போம். புதிதாக வரும் பெண்களுக்குப் புடவை மடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

பக்கத்துக் கவுண்டரில் ஓர் அக்கா எட்டாம் மாதம் வரை நின்றார். ஒரு நாள் மதியம் தலை சுற்றிப் பட்டுப்புடவை அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். "முடியவில்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே" என்றார் சூப்பர்வைசர். அக்கா அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே இதற்கு வழி இருந்தது என்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது. பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட வாரங்களில் நெடுநேரம் நிற்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணே கேட்டால்தான் அந்தத் தடை. கேட்க வேண்டும் என்பது அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

என் முறை 2018ல் வந்தது. வலது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்துக்கொண்டது. அரசு மருத்துவமனை மருத்துவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடையா?" என்று கேட்டார். மணிக்கு ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மேலாளர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்யும் வேலை பில் போடும் இடத்தில்தான் இருக்கிறது, அதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்றார். சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேலையைவிட்டுப் போ என்று என்னை யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கடையில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் விற்பனைப் பிரிவில் நாற்பதைத் தாண்டிய பெண்ணைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. யாரையும் துரத்தவில்லை, கால்தான் துரத்தியது. கர்ப்பிணி, கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மூட்டு தேய்ந்தவர் என்று அத்தனை பேருக்கும் அந்த வேலையின் கதவை அடைத்தது ஒரு ஸ்டூல் இல்லாததுதான். உட்காரும் உரிமையைச் சொகுசு என்று பேசுபவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவு இருந்தது. நம் தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல் வந்தது. அதில் இருக்கை பற்றி அப்போது ஒரு வரிகூட இல்லை. ஆலையில் நிற்பவருக்கு இருந்த உரிமை கடையில் நிற்பவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் இல்லாமலே இருந்தது. இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 1899லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்பதால், இது ஏதோ புதுமோகம் என்றும் யாரும் சொல்ல முடியாது.

கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி என்ற தையல் தொழிலாளி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாகக் கடைப் பெண்களைத் திரட்டினார். முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு நாற்காலிக்காக. 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. இங்கே 2019 செப்டம்பரில், அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் உட்காரும் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இந்த விஷயம் வைக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறி 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது: கடை ஊழியர் அனைவருக்கும், ஆண்களுக்கும் சேர்த்து, இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். ஆலோசனைக் குழு கூடியபோது ஓர் ஆட்சி, சட்டம் வந்தபோது வேறோர் ஆட்சி. ஆகவே இந்தக் கட்சிக்காரி, அந்தக் கட்சிக்காரி என்று என்னை யாரும் முத்திரை குத்த வேண்டாம்.

அப்போது நான் என் ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு சிறிய ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தேன். அங்கே பன்னிரண்டு பேர். சட்டம் வந்து நான்கு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிரிவை ஒரு தாளில் அச்சடித்து, எட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். கை நடுங்கியது உண்மை. அவர் கெட்டவர் இல்லை. இரண்டே நாளில் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. ஆனால் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சரக்கு அறையில் வைத்துவிட்டார்கள். தொழிலாளர் துறையிலிருந்து யாராவது வந்தால் காட்டுவதற்கு!

ஒரு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு மதியம் உள்ளே போய் மேலே இருந்த ஸ்டூலை எடுத்தேன். மேல்புறத்தில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. அப்படியே கொண்டுவந்து கவுண்டருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். கல்லாவில் இருந்த முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டி காட்டன் புடவை கேட்டு வந்தார். நான் பதறி எழுந்தேன். "நீ உட்காரம்மா, நான் என்ன ஓடியா போகப்போகிறேன்" என்றார். மறுநாள் மற்ற ஐந்து ஸ்டூல்களும் வெளியே வந்தன. நான் இன்றும் அதே கடையில்தான் இருக்கிறேன். அன்றே எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்திருந்தால் சென்னையில் பார்த்த வேலையை விட்டிருக்க மாட்டேன்.

சட்டம் தானாக நடக்காது என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்களுக்கு: சரிதான், நடக்காது. பெரிய கடைகள் பலவற்றில் நிலைமை இன்னும் மோசம் என்று தோழிகள் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் இல்லாதபோது மருத்துவரின் சீட்டோடு போனேன், திரும்பி வந்தேன். சட்டம் வந்த பிறகு ஒரு தாளோடு போனேன், ஸ்டூல் வந்தது. இந்த வித்தியாசத்தை அனுபவித்தவளிடம் வந்து சட்டத்தால் பயனில்லை என்று சொல்லாதீர்கள்.

ஐ.டி. ஊழியர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்தே முதுகு போகிறது என்கிறார்களே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர்கள் எழுந்து நடந்தால் சம்பளம் பிடிப்பதில்லை.

எங்களைப் போன்றவர்கள் சட்டமன்றத்தை அசைக்க முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். 2023ஐ நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. ஆளும் கூட்டணியிலேயே எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள். உங்கள் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதென்றால், தொழிலாளர் நலத் துறை மானியக் கோரிக்கை, அதாவது துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் கோரிக்கை, சபைக்கு வருவதற்கு முன்பே கொடுங்கள். அந்த விவாதத்தில்தான் அவர் எழுந்து பேச வாய்ப்பு அதிகம். ஆலோசனைக் குழுவில் இடம் உள்ள தொழிற்சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். தனியாகக் கொடுக்கும் மனு பெரும்பாலும் கோப்புக்குள் போய்விடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சென்னைக் கடையில் சேரும்போதே என் பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்ட பிறகு அவற்றைத் திரும்ப வாங்க ஊரிலிருந்து நான்கு தடவை ரயில் ஏறினேன். மேலாளர் விடுப்பு, சாவி இல்லை, அடுத்த வாரம் வா. ஐந்து மாதம் போனது. அதற்குள் ஊரில் ஒரு பள்ளி அலுவலக வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை, அசல் சான்றிதழ் காட்ட முடியாததால் கைவிட்டுப் போனது. கடை ஊழியர்களின் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று கடைகள் சட்டத்தில் தெளிவாக ஒரு வரி எழுதி, மீறினால் தண்டனை வைக்க வேண்டும். எங்கள் அடுத்த மனு அதற்காகத்தான். இதுவரை முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் அம்மாவின் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால், முதலாளிக்கு நான் கொடுத்த கடிதத்தின் வாசகத்தை அப்படியே தருகிறேன். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். முதலாளி மறுத்துவிட்டால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு எழுத வேண்டும். அந்தப் படிவத்தையும் வைத்திருக்கிறேன்.