யார் என்ன எடுத்தார்கள்

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடமாக நூலகராக இருக்கிறேன். சினிமாவில் எங்களைக் காட்டினாலே கண்ணாடி, கொண்டை, உதட்டில் விரல். கடைசிவரை நாங்கள் கேலிப்பொருள்தானா? எங்களை மரியாதையாகக் காட்டும் பத்துப் படங்களைச் சொல்லுங்களேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

(சுருக்கியிருக்கிறேன்)

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் போடுவது உங்கள் தொழில், என்னிடம் கேட்கிறீர்களே! சினிமாவில் போலீஸ்காரருக்குத் தொப்பை, டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப், உங்களுக்குக் கொண்டை. போகட்டும். 1946இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ மட்டும் எனக்கும் எரிச்சல்தான். நாயகன் பிறக்காமலே போயிருந்தால் அவன் மனைவியின் கதி என்ன? கல்யாணமாகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகத்தைப் பூட்டிவிட்டு வருகிறாள். அவ்வளவு பெரிய கொடுமையாம்!

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தது வேறு. ‘ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்’ (1976) மறுபடி பார்த்தேன். அதிபர் நிக்சனின் ஆட்களைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழலைத் துருவும் இரண்டு நிருபர்கள், வெள்ளை மாளிகைக்காரர்கள் என்னென்ன புத்தகம் எடுத்தார்கள் என்று பார்க்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகிறார்கள். ஒருவர், அதெல்லாம் ரகசியம் என்று சொல்லிவிடுகிறார். சில நொடிகள்தான், அப்புறம் அவர் படத்தில் இல்லை. வேறொருவர் புத்தகம் கேட்ட சீட்டுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் அவற்றைப் புரட்டப் புரட்ட, கேமரா குவிமாடம் வரை மேலே போகிறது. எல்லோரும் வியக்கும் காட்சி. நானும் வியந்தவன்தான்.

ஆனால் உங்கள் ஆள் யார்? முடியாது என்றவர். வாசகரைப் பற்றித் தெரியவரும் அந்தரங்கத்தை வெளியே விடக்கூடாது என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939லேயே தன் நெறிமுறையில் எழுதிவைத்துவிட்டது. சினிமாவுக்கு அவர் தாண்டிப் போக வேண்டிய ஒரு தடை, அவ்வளவுதான். ‘செவன்’ (1995) இன்னும் மோசம். யார் என்ன படிக்கிறார்கள் என்ற பட்டியலைக் காசு கொடுத்து வாங்கித்தான் துப்பறிவாளர்கள் கொலைகாரனின் வீட்டுக்குப் போகிறார்கள். தாந்தே, மில்டன் கவிதைகளைப் படித்த குற்றத்துக்காக அந்தப் பட்டியலில் இன்னும் யார் யார் இருந்தார்களோ! கொலைகாரன் ஆயிற்றே என்பீர்கள். முதல்முறை கொலைகாரனுக்காகத்தான் கேட்பார்கள் சாமி.

உங்கள் கடிதத்தில் கொண்டைக்கு நான்கு பத்தி. இதற்கு ஒரு வரி உண்டா? பதினோரு வருடத்தில் யாரும் வந்து உங்களிடம் கேட்டதே இல்லையா?

என் அப்பா கேட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அவர் கண்ணில் படக்கூடாத ஒரு புத்தகத்தோடு அலமாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தேன். “பையன் என்னென்ன எடுக்கிறான்?” என்றார். நூலகர் அம்மா திறந்திருந்த இரவல் பதிவேட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் நுனியில் முத்திரை மை. “அவனையே கேளுங்களேன் சார்.” அப்பா கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கும் அங்கே ஓர் அட்டை உண்டு. பேசாமல் போய்விட்டார். என்னிடம் கேட்கவும் இல்லை.

அந்த அம்மா கண்ணாடி போட்டிருந்தார். கொண்டையும்தான்.