ப்ரோரோக்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். 2025 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ பதவி விலகப்போவதாக அறிவித்த அன்று, எந்தச் செய்தியைத் திறந்தாலும் ‘ப்ரோரோக்’ (prorogue) என்ற சொல்தான். அகராதியில் பார்த்தேன், ‘ஒத்திவை’ என்றிருந்தது. ‘அட்ஜர்ன்’ என்பதற்கும் அதே பொருள்தான் போட்டிருக்கிறது. போன வாரம் என் மகள் குடிமையியல் பாடத்துக்காக இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். விளங்கப்படுத்த முடியவில்லை. அப்புறம் இன்னொன்று: அலுவலகக் கூட்டத்தைத் தள்ளிப்போடும்போது ‘ப்ரோரோக்’ என்று எழுதலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அகராதி சொன்னது தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாதிரிச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடுவதைவிட, அந்தக் காரியத்தைச் செய்ய யாருக்கு அதிகாரம், செய்தபின் எது செத்துப்போகிறது என்று கேட்டால் சீக்கிரம் பிடிபடும்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தை வைத்தே சொல்லிவிடலாம். மாலை மணி அடிப்பது அட்ஜர்ன். முழுஆண்டு விடுமுறை விடுவது ப்ரோரோக். எல்லோருக்கும் டிசி கொடுத்து அனுப்புவது டிசால்வ், அதாவது சபையையே கலைப்பது. அட்ஜர்ன் செய்வது சபையே; சபாநாயகர் அறிவிப்பார், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ப்ரோரோக் செய்வது சபைக்கு வெளியே இருக்கும் தலைமை. உங்கள் நாட்டில் கவர்னர் ஜெனரல், இந்தியாவில் குடியரசுத் தலைவர். அதோடு அந்தக் கூட்டத்தொடரே முடிகிறது.

ட்ரூடோ விஷயத்தையே பாருங்கள். அவர் அறிவித்தது ஜனவரி 6. அப்போது சபை கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் இருந்தது, ஜனவரி 27 அன்று திரும்பக் கூட வேண்டும். கூடினால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் காத்திருந்தது. வெறும் அட்ஜர்ன் என்றால் அந்தத் தேதியில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ப்ரோரோக் ஆனதால் மார்ச் 24 வரை சபை கிடையாது. நிறைவேறாமல் கிடந்த அரசு மசோதாக்களும் அதோடு செத்தன. இணையத் தீங்குகள் மசோதா அப்படிப் போனதுதான். மார்ச் 23 அன்று புதுப் பிரதமர் கார்னி தேர்தல் அறிவித்துவிட்டார், சபை கலைந்தது. ப்ரோரோக் ஆன அந்தச் சபை பிறகு கூடவே இல்லை.

எனக்கு இந்தச் சொல் முழுசாகப் புரிந்தது 2019 பிரிட்டன் கூத்தில். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான (பிரெக்சிட்) அக்டோபர் 31 கெடு நெருங்கும் நேரத்தில், ஐந்து வாரம் நாடாளுமன்றமே இல்லாமல் இருக்கும்படி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் அரசியிடம் உத்தரவு வாங்கினார். செப்டம்பர் 10 அதிகாலை, சடங்குகளோடு ப்ரோரோக் நடந்தது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். ‘இனிமேல் செல்லாது’ என்றல்ல, நடக்கவே இல்லை என்று. மறுநாள் சபை கூடியது. சபைக் குறிப்பேட்டில் ப்ரோரோக் பற்றிய பதிவு நீக்கப்பட்டது. சடங்கு நடந்த அன்று சபை அட்ஜர்ன்தான் ஆனது என்று சபாநாயகர் பெர்கோ திருத்தச் சொன்னார். உங்கள் அகராதிக்கு இரண்டும் ஒன்றுதான், அந்தக் குறிப்பேட்டில் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுத வேண்டியிருந்தது! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாடாளுமன்றக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதற்கான மசோதாவுக்கு அந்தச் சடங்கில்தான் அரச ஒப்புதல் அறிவிக்கப்பட்டிருந்தது. சடங்கே நடக்கவில்லை என்றானதும் ஒப்புதலும் போயிற்று. அக்டோபரில் மறுபடி வாங்கினார்கள்.

இந்தியாவில் விளைவு வேறு. ப்ரோரோக் செய்தாலும் இங்கே மசோதா சாகாது, அரசியல் சட்டத்தின் 107ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. இங்கே இந்தச் சொல்லின் உபயோகம் அவசரச் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது அவசரச் சட்டம் போட முடியாது. நடுவில் விடும் இடைவேளையும் கூட்டத்தொடரில்தான் சேர்த்தி. 2015இல் நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டம் காலாவதியாக இருந்தபோது, பட்ஜெட் தொடரின் இடைவேளையில், மார்ச் 28 அன்று மாநிலங்களவையை மட்டும் ப்ரோரோக் செய்தார்கள். ஏப்ரல் 3 அன்று அவசரச் சட்டம் மறுபடி வந்தது. தமிழில் இதைக் ‘கூட்டத்தொடரை முடித்துவைத்தல்’ என்று எழுதுவது சரியாக இருக்கும். ‘சபை ஒத்திவைப்பு’ என்று மொட்டையாக எழுதினால் என்ன நடந்தது என்றே வாசிப்பவருக்குத் தெரியாது.

இலங்கைச் செய்திகளைப் பார்ப்பவரென்றால் 2018 நினைவிருக்கும். பிரதமர் ரணிலை நீக்கிய மறுநாள், அக்டோபர் 27 அன்று, அப்போதைய ஜனாதிபதி சிறிசேன முதலில் செய்தது ப்ரோரோக். நவம்பர் 9 அன்று செய்தது டிசால்வ். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது இரண்டாவதைத்தான்.

சொல்லின் வேர் லத்தீன் ‘ரோகாரே’, கேட்பது என்று பொருள். ரோமில் ஒருவரின் பதவிக் காலத்தை, மக்களிடம் கேட்டு நீட்டிப்பதுதான் முதலில் இந்தச் சொல். கி.மு. 326இல் நேப்பிள்ஸ் முற்றுகையின்போது பப்ளிலியஸ் ஃபிலோ என்ற தளபதிக்கு அப்படி நீட்டித்தார்கள். நீட்டிப்பு, தள்ளிவைப்பாகி, கடைசியில் முடித்துவைப்பு ஆகிவிட்டது. ‘அப்ரோகேட்’ (ரத்துசெய்), ‘இன்டரோகேட்’ (விசாரி) எல்லாம் இதே குடும்பம்.

அலுவலகத்தில் எழுதாதீர்கள். இந்த வினைக்கு வரும் செயப்படுபொருள் பாராளுமன்றமோ சட்டசபையோ அதன் கூட்டத்தொடரோதான். தொடங்காத கூட்டத்தைத் தள்ளினால் ‘போஸ்ட்போன்’, தொடங்கிய பிறகு நிறுத்தினால் ‘அட்ஜர்ன்’, அவ்வளவு போதும். மேலாளர் தன்னை மகாராஜாவாக நினைத்துக்கொள்பவர் என்றால் கிண்டலுக்கு ஒருமுறை எழுதிப் பார்க்கலாம், விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

உச்சரிப்பு: அழுத்தம் இரண்டாவது ‘ரோ’வில். கடைசி ‘க்’, ‘அங்கம்’ என்பதில் வரும் ககரம். ஆங்கில எழுத்தில் அதற்குப் பின்னால் வரும் u, e என்ற இரண்டு உயிரெழுத்துகளும், ‘டயலாக்’கில் போலவே, ஊமை. பெயர்ச்சொல் ‘ப்ரோரோகேஷன்’, அதில் அழுத்தம் ‘கே’யில்.